பென் டிரைவுக்குள் லினக்ஸ்: பார்ட்டிஷன் தகராறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென் டிரைவிலிருந்து கணினிக்கு லினக்ஸை ஏற்றுவது பற்றியதல்ல இந்தப் பக்கம். பென் டிரைவுக்குள்ளேயே லினக்ஸை முழுசாக இன்ஸ்டால் செய்வது பற்றியது. உள்ளே இருக்கும் விண்டோஸ் பாட்டுக்கு இருக்கட்டும், பென் டிரைவைச் செருகினால் லினக்ஸ் வரட்டும், உருவினால் பழையபடி விண்டோஸ் வரட்டும் என்று பலரும் ஆசைப்படுவார்கள். அந்த ஆசை வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடம், டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் திரை.

உதாரணத்துக்கு லினக்ஸ் மின்ட் 22-ஐ எடுத்துக்கொள்கிறேன். அதில் இருப்பது யுபிக்விட்டி என்ற இன்ஸ்டாலர். உபுண்டு 22.04-இலும் அதுவேதான். இன்ஸ்டாலர் ஆங்கிலத்தில் சொல்வதை இங்கே தமிழ் எழுத்தில் சுருக்கித் தருகிறேன்.

ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்கின் முழு நகலான ஃபைல்) ஏற்றிய பென் டிரைவ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதிலேயே இன்ஸ்டால் செய்தால் என்ன?

முடியாது. ரூஃபஸ், எட்சர், வென்டாய் என எந்தக் கருவியில் தயாரித்திருந்தாலும், லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுவது) ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த பென் டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது. அதையே பார்ட்டிஷன் போடச் சொல்வது நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற கதை. ஆகவே இரண்டு பென் டிரைவ் வேண்டும். லைவ் ஓட ஒன்று (4 ஜிபி, 8 ஜிபி போதும்), லினக்ஸ் குடியேற இன்னொன்று. மின்ட் கேட்கும் குறைந்தபட்ச இடம் 20 ஜிபி. 32 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ஓரிரு மாத அப்டேட்டிலேயே மூச்சு முட்டிவிடும்.

பென் டிரைவைவிட, யுஎஸ்பி உறையில் போட்ட சிறிய எஸ்எஸ்டி எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. சாதாரண பென் டிரைவ் பெரிய ஃபைலை வேகமாக எழுதும். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை எழுதச் சொன்னால் திணறும். லினக்ஸ் இன்ஸ்டால் என்பது இந்த இரண்டாவது வேலைதான். ஒரு மணி நேரத்துக்கு மேலே ஓடினாலும் 'தொங்கிவிட்டது' என்று நினைத்து நடுவில் உருவாதீர்கள். கீழே வரும் பிழைகளில் பாதி அப்படி உருவியதால் பிறந்தவை.

பட்டியலில் எஸ்டிஏ, எஸ்டிபி, என்விஎம்இ என்றெல்லாம் வருகிறது. என் பென் டிரைவ் எது?

சாட்டா டிஸ்கும் யுஎஸ்பி டிரைவும் 'எஸ்டி' என்று தொடங்கும். கண்டுபிடிக்கப்படும் வரிசையில் ஏ, பி, சி என்று கடைசி எழுத்து ஒட்டிக்கொள்ளும். புது மடிக்கணினிகளின் உள் டிஸ்க் பெரும்பாலும் 'என்விஎம்இ' என்று தொடங்கும். 'எஸ்டி' பெயர்களின் பின்னால் வரும் எண்தான் பார்ட்டிஷன்: எஸ்டிபி என்றால் முழு டிஸ்க், எஸ்டிபி1 என்றால் அதன் முதல் பார்ட்டிஷன்.

இந்த எழுத்துகளை மனப்பாடம் செய்யாதீர்கள். நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று ரீபூட் செய்தால் எஸ்டிசியாக மாறலாம். அளவைப் பாருங்கள். கடைக்காரர் 32 ஜிபி என்று கொடுத்ததை, லினக்ஸின் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டட் 29.8 என்றோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கமாக எண்ணுகிறார், ஜிபார்ட்டட் 1024-இன் பெருக்கமாக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

ஒரே அளவில் இரண்டு பென் டிரைவ் செருகியிருந்தால்? அந்த நிலைமைக்கே போகாதீர்கள். நான் போயிருக்கிறேன். இரண்டும் 32 ஜிபி, இரண்டும் கறுப்பு. ஒன்றில் சித்தப்பா பெண்ணின் கல்யாணப் படங்கள். மிச்சத்தைச் சொல்லவேண்டியதில்லை. மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற கருவியைத் திறந்தால் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் தெரியும். செருகும் முன் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள், செருகிய பின் ஒருமுறை பாருங்கள். புதிதாக வந்ததுதான் உங்களுடையது.

'டிரைவர் டிஸ்கிரிப்டர் சேஸ்… 2048 பைட்ஸ், பட் லினக்ஸ் சேஸ் 512' என்று வருகிறது. பென் டிரைவ் போய்விட்டதா?

இல்லை. இதைப் பார்த்து நல்ல பென் டிரைவைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அந்த பென் டிரைவில் முன்பு ஏதோ ஒரு ஐஎஸ்ஓவை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். சிடி, டிவிடி உலகில் ஒரு பிளாக் என்பது 2048 பைட். டிஸ்க் உலகில் 512. பழைய ஐஎஸ்ஓ விட்டுப்போன முத்திரை 'நான் ஒரு சிடி' என்கிறது, வன்பொருள் 'நான் டிஸ்க்' என்கிறது. எதை நம்புவது என்று கருவி உங்களைக் கேட்கிறது.

விண்டோஸில் சாதாரணமாக ஃபார்மட் செய்தால் சில சமயம் இந்த முத்திரை போகாது. 'டிஸ்க்ஸ்' கருவியில் இடப்பக்கம் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, மேல் மெனுவில் 'ஃபார்மட் டிஸ்க்' கொடுங்கள். ஒரு பார்ட்டிஷனை அல்ல, முழு டிஸ்கையும். அட்டவணையின் வகை ஜிபிடி (எந்தப் பகுதி எங்கே என்று குறித்து வைக்கும் புதிய முறை). பழைய முத்திரைகளை அதுவே துடைத்துவிடும்.

விண்டோஸிலேயே செய்ய வேண்டுமென்றால் கட்டளை தட்டி இயக்கும் டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து எண்ணைப் பார்த்து, 'செலக்ட் டிஸ்க்' என்று அந்த எண்ணைச் சேர்த்துக் கொடுத்து, அப்புறம் 'கிளீன்'. கிளீன் 'நிச்சயமா?' என்றெல்லாம் கேட்காது. எண்ணை இரண்டு முறை சரிபார்த்த பிறகு என்டர் தட்டுங்கள்.

'அனேபிள் டு இன்ஃபார்ம் தி கர்னல் ஆஃப் தி சேஞ்ச்' என்றால்?

பார்ட்டிஷன் அட்டவணையை டிஸ்கில் எழுதியாயிற்று. ஆனால் அதன் பழைய பார்ட்டிஷன் ஏதோ ஒன்று பயன்பாட்டில் இருப்பதால், லினக்ஸின் மையமான கர்னல் பழைய வரைபடத்தையே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்கில் ஒன்று, நினைவகத்தில் வேறொன்று. இந்த நிலையில் 'இக்னோர்' கொடுத்து மேலே போனால் தப்பான இடத்தில் எழுதப்படும்.

காரணம் பெரும்பாலும் அற்பமானது. பென் டிரைவைச் செருகியதும் ஃபைல் மேனேஜர் அதைத் தானாக மவுன்ட் செய்திருக்கும், அதாவது பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கும். அல்லது அதில் முன்பே ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் (நினைவகம் போதாதபோது கைகொடுப்பது) இருந்து, லைவ் லினக்ஸ் அதை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும். ஜிபார்ட்டட்டில் அந்த பார்ட்டிஷனுக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகிறதா பாருங்கள். வலது கிளிக் செய்து 'அன்மவுன்ட்' அல்லது 'ஸ்வாப்ஆஃப்' கொடுத்தால் பூட்டு போய்விடும். போகவில்லையா, ரீபூட் செய்துவிட்டுத் திரும்ப வாருங்கள். வாதாடிப் பயனில்லை.

தொடக்கத்திலேயே 'மவுன்டட் பார்ட்டிஷன்ஸ் இருக்கின்றன, அன்மவுன்ட் செய்யட்டுமா' என்று இன்ஸ்டாலர் கேட்பதும் இதே விஷயம்தான். அது குறிப்பிடுவது இலக்கு பென் டிரைவ் என்றால் 'எஸ்' கொடுங்கள்.

'நோ ரூட் ஃபைல் சிஸ்டம் இஸ் டிஃபைன்டு' என்று திருப்பி அனுப்புகிறது. பார்ட்டிஷன் எல்லாம் போட்டுவிட்டேனே?

போட்டீர்கள், ஆனால் எது எதற்கு என்று சொல்லவில்லை. ஜிபார்ட்டட்டில் லினக்ஸின் ஃபைல் முறையான இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்தது மட்டும் போதாது. இன்ஸ்டாலரில் அந்த பார்ட்டிஷனை இரட்டைக் கிளிக் செய்து, 'யூஸ் ஆஸ்' என்பதில் இஎக்ஸ்டி4, 'மவுன்ட் பாயின்ட்' என்பதில் ஒற்றைச் சாய்கோடு என்று கொடுக்க வேண்டும். அந்தச் சாய்கோடுதான் ரூட், லினக்ஸ் குடியேறும் இடம். பிழைகளிலேயே இதுதான் சாதுவானது.

அப்படியானால் பென் டிரைவை எப்படிப் பிரிப்பது?

இன்ஸ்டாலர் 'இன்ஸ்டலேஷன் டைப்' கேட்கும்போது 'எரேஸ் டிஸ்க்' பக்கம் போகாமல் 'சம்திங் எல்ஸ்' எடுங்கள். 32 ஜிபி பென் டிரைவில் நான் போடுவது இப்படி. அட்டவணை ஜிபிடி. முதலில் 1 எம்பி, வகை 'ரிசர்வ்டு பயாஸ் பூட் ஏரியா'. அடுத்து 512 எம்பி, வகை 'ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்'. மீதி எல்லாம் இஎக்ஸ்டி4, ரூட்.

ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டாம். ஃப்ளாஷ் நினைவகத்துக்கு எழுதுவதற்கு ஓர் ஆயுள் வரம்பு உண்டு; ஸ்வாப் அதை ஓயாமல் எழுதித் தேய்க்கும், வேகமும் இருக்காது. உங்கள் சொந்த ஃபைல்களுக்கு ('ஹோம்') என்று தனி பார்ட்டிஷனும் இவ்வளவு சின்ன இடத்தில் தேவையில்லை. இந்தப் பக்கம் 2 ஜிபி சும்மா கிடக்கும், அந்தப் பக்கம் இடமில்லை என்று கத்தும்.

விண்டோஸிலும் திறக்கிற மாதிரி ஒரு டேட்டா பகுதி வேண்டுமென்றால் அதை எக்ஸ்ஃபேட்டில் முதலாவதாகப் போடுங்கள். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்புக்கு முந்தைய விண்டோஸ்கள் பென் டிரைவில் முதல் பார்ட்டிஷனை மட்டுமே கண்ணில் காட்டும்.

பழைய எம்பிஆர் அட்டவணை போட்டாலும் வேலை செய்யும். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான், 2 டிபிக்கு மேல் தெரியாது என்ற வரம்புகள் பென் டிரைவில் உறைக்காது. 2008, 2009 கால மடிக்கணினிகளில் சில ஜிபிடியைப் பார்த்தால் பூட் ஆக அடம்பிடிக்கும். அவற்றுக்கு மட்டும் எம்பிஆர்.

'கிரப்-இன்ஸ்டால் ஃபெயில்டு. திஸ் இஸ் எ ஃபேட்டல் எர்ரர்' – எல்லாம் முடிந்து கடைசி நிமிஷத்தில் இப்படி.

வயிற்றெரிச்சல்தான். கணினியை ஆன் செய்ததும் லினக்ஸைக் கிளப்பிவிடும் பூட் லோடர்தான் கிரப். பெரும்பாலும் காரணம், மேலே சொன்ன இரண்டு குட்டிப் பகுதிகளில் ஒன்று இல்லாமல் போனது.

கணினியை எழுப்பும் பழைய முறையான பயாஸில் பூட் ஆகியிருந்தால், கிரப் தன் இரண்டாம் கட்டத்தை எழுத ஓர் இடம் தேடும். எம்பிஆர் டிஸ்கில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் அதை நுழைத்துவிடும். ஜிபிடியில் அந்த இடத்தை அட்டவணையே எடுத்துக்கொள்வதால் அந்த 1 எம்பி பகுதி தேவைப்படுகிறது. அதை ஃபார்மட் செய்யவும் கூடாது, மவுன்ட் செய்யவும் கூடாது. (அந்தப் பகுதியின் அடையாள எண்ணை எழுத்துகளாக மாற்றிப் படித்தால் 'ஹா! எனக்கு ஈஎஃப்ஐ தேவையில்லை' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் வரும். யாரோ ஒருவருடைய குறும்பு உலகம் பூராவும் டிஸ்குகளில் உட்கார்ந்திருக்கிறது.)

பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருந்தால் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் கட்டாயம். அது ஃபேட்32 ஆக இருக்க வேண்டும். வெறுமனே ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, வகையைக் குறிக்காமல் விட்டாலும் இதே பிழை வரும்.

இன்னொன்று: திரையின் அடியில் 'டிவைஸ் ஃபார் பூட் லோடர் இன்ஸ்டலேஷன்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் பென் டிரைவின் முழு டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். எஸ்டிபி1 அல்ல, எஸ்டிபி.

எந்தப் பிழையும் வரவில்லை. ஆனால் பென் டிரைவை உருவியதும் விண்டோஸும் வரவில்லை! கறுப்புத் திரையில் 'கிரப்' என்று மட்டும் நிற்கிறது.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். மேலே பார்த்த பிழைகள் எல்லாம் உங்களைத் தடுத்து நிறுத்துபவை. நின்றால் எதுவும் கெடாது. சத்தமே போடாமல் கெடுப்பது இது ஒன்றுதான்.

நடந்தது இது. பூட் லோடருக்குப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தீர்கள். யுஇஎஃப்ஐ முறையில் யுபிக்விட்டி அந்தப் பெட்டியைக் கண்டுகொள்வதில்லை. முதலில் கண்ணில் படும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் கிரப்பை வைத்துவிடும். பெரும்பாலும் அது உள் டிஸ்கில் விண்டோஸுடையது. 2014-இலேயே உபுண்டுவின் பிழைப் பதிவேட்டில் ஏறிய குறை இது. இப்போது கிரப்பின் தலை உள் டிஸ்கில், உடம்பு பென் டிரைவில். பென் டிரைவை உருவினால் தலை உடம்பைத் தேடித் தவிக்கிறது.

முதலில் ஆறுதல்: விண்டோஸ் அழியவில்லை. கணினியை ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' எடுத்தால் விண்டோஸ் வரும். அப்புறம் பயாஸ் செட்டப்புக்குள் போய் அதையே வரிசையில் முதலாவதாக வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண்ணை வேலை தொடங்கும் முன்பே எடுத்து வைப்பது உத்தமம்.

அடுத்து தலையை உடம்போடு சேர்க்க வேண்டும். லைவ் பென் டிரைவில் பூட் செய்யுங்கள். 'டிஸ்க்ஸ்' கருவியில் உள் டிஸ்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் பென் டிரைவின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்யுங்கள். உள் டிஸ்கில் 'ஈஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் 'உபுண்டு' என்று ஒன்று இருக்கும் (மின்ட் போட்டாலும் பெயர் அதுதான்). பென் டிரைவில் 'ஈஎஃப்ஐ' என்ற ஃபோல்டரை உண்டாக்கி, 'உபுண்டு'வை அதற்குள் காப்பி செய்யுங்கள். அதே 'ஈஎஃப்ஐ'க்குள் 'பூட்' என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு, உபுண்டு ஃபோல்டரில் இருக்கும் ஷிம், கிரப், எம்எம் என்று தொடங்கும் மூன்று ஈஎஃப்ஐ ஃபைல்களையும் அதிலும் வையுங்கள். அங்கே ஷிம் ஃபைலுக்கு மட்டும் 'பூட்எக்ஸ்64' என்று பெயர் மாற்றுங்கள்.

கடைசியாக, பென் டிரைவின் ரூட் பார்ட்டிஷனில் 'ஈடிசி' ஃபோல்டருக்குள் இருக்கும் 'எஃப்எஸ்டேப்' ஃபைலை ரூட் உரிமையோடு திறந்து, ஈஎஃப்ஐ வரியில் இருக்கும் யுயுஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாற்றுங்கள். எட்டு இலக்கம், நடுவில் ஒரு கோடு என்று சின்னதாக இருக்கும். பென் டிரைவின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுடைய யுயுஐடியை 'டிஸ்க்ஸ்' காட்டும். இதை மாற்ற மறந்தால் பிறகு வரும் கிரப் அப்டேட் மறுபடி உள் டிஸ்கில் போய் எழுதும்.

பென் டிரைவ் தனியாக பூட் ஆகிறது என்று உறுதியான பிறகு உள் டிஸ்கின் 'உபுண்டு' ஃபோல்டரை அழிக்கலாம். பக்கத்தில் இருக்கும் 'மைக்ரோசாஃப்ட்' ஃபோல்டரில் கை வைக்கவே கூடாது.

இது நடக்காமல் முன்கூட்டியே தடுக்க முடியுமா?

முடியும். ஆகச் சிறந்த வழி முரட்டு வழிதான்: உள் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். மேசைக் கணினியில் சாட்டா கேபிளை உருவ ஒரு நிமிஷம். சில மடிக்கணினிகளின் பயாஸ் செட்டப்பிலேயே உள் டிஸ்கை முடக்கி வைக்கலாம். இல்லாத டிஸ்கில் எந்த இன்ஸ்டாலரும் எழுத முடியாது.

அது முடியாவிட்டால், லைவ் லினக்ஸில் ஜிபார்ட்டட்டைத் திறந்து உள் டிஸ்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் வலது கிளிக், 'மேனேஜ் ஃப்ளாக்ஸ்', அங்கே 'பூட்', 'ஈஎஸ்பி' இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இன்ஸ்டாலருக்கு அது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனாகவே தெரியாது. வேலை முடிந்ததும் ரீபூட் செய்யும் முன் அந்த டிக்குகளைத் திரும்பப் போட வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மறந்தால் விண்டோஸ் வராது.

மூன்றாவது வழி, விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, விர்ச்சுவல் டிஸ்க் எதுவும் கொடுக்காமல் பென் டிரைவை மட்டும் அதற்குக் கொடுத்து இன்ஸ்டால் செய்வது. பாதுகாப்பானது, ஆனால் நத்தை வேகம்.

'பேக்கப் ஜிபிடி டேபிள் டிஸ்கின் கடைசியில் இல்லை' என்கிறது.

ஜிபிடி தன் அட்டவணையின் நகலை டிஸ்கின் கடைசியில் வைத்திருக்கும். சின்ன பென் டிரைவை அப்படியே பெரியதற்கு குளோன் செய்தால் நகல் நடுவில் மாட்டிக்கொள்ளும். கருவி 'ஃபிக்ஸ்' என்று கேட்கும், கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது எதுவும் அழியாது.

'பார்ட்டிஷன் மிஸ்அலைன்டு' எச்சரிக்கையைக் கண்டுகொள்ள வேண்டுமா?

பிழை அல்ல, வேகம் குறையும். ஜிபார்ட்டட்டில் 'அலைன் டு' என்பதில் 'எம்ஐபி' இருந்தால் இது வரவே வராது.

'இன்புட்/அவுட்புட் எர்ரர்' வந்து பாதியில் நிற்கிறது. பார்ட்டிஷனில் என்ன தப்பு?

தப்பு பார்ட்டிஷனில் இல்லை, பெரும்பாலும் பென் டிரைவிலேயே. அந்த முடிவுக்கு வரும் முன், முகப்பு போர்ட், ஹப், நீட்டிப்புக் கேபிள் எல்லாவற்றையும் தவிர்த்து நேராகக் கணினியின் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

அப்படியும் வந்தால், கொள்ளளவு போலியா என்று சந்தேகப்படலாம். உள்ளே 8 ஜிபி சில்லு, வெளியே 128 என்று சொல்லும் கன்ட்ரோலர். பார்ட்டிஷன் போடும்போது எல்லாம் நல்லபடியாகவே நடக்கும், ஏனென்றால் அப்போது எழுதுவது மிகக் குறைவு. ஃபைல்கள் காப்பி ஆகும்போதுதான் குட்டு வெளிப்படும். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவிகள் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். நடைபாதையில் மலிவாக வாங்கியதென்றால் இன்ஸ்டாலுக்கு முன்பே இதை ஓட்டிவிடுங்கள்.

எழுதவே விடாமல் 'ரீட் ஒன்லி' என்று நிற்கிறதா? பக்கவாட்டில் பூட்டுப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், சில்லு தேய்ந்துபோனதைக் கண்ட கன்ட்ரோலர் எழுதுவதை நிரந்தரமாக நிறுத்தியிருக்கும். உள்ளே இருப்பதை உடனே காப்பி எடுங்கள். ஃபார்மட் கருவி எதுவும் இதற்கு உதவாது.

வீட்டில் பூட் ஆகிறது, ஆபீஸ் கணினியில் ஆகவில்லை.

உங்கள் வீட்டுக் கணினி 'உபுண்டு' என்ற பூட் பதிவைத் தன் நினைவில் எழுதி வைத்திருக்கிறது. ஆபீஸ் கணினிக்கு அது தெரியாது. அறிமுகமில்லாத பென் டிரைவில் யுஇஎஃப்ஐ தேடுவது ஒரே ஒரு ஃபைல்: 'ஈஎஃப்ஐ', அதற்குள் 'பூட்', அதற்குள் 'பூட்எக்ஸ்64'. மேலே கையால் வைத்தோமே, அதேதான். இல்லையென்றால் அதே முறையில் வைத்துவிடுங்கள்.

பூட் ஆகத் தொடங்கி, 'யுயுஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று சொல்லி பிஸிபாக்ஸ் என்ற கட்டளைத் திரையில் நின்றால், பென் டிரைவ் விழித்தெழுவதற்குள் கர்னல் அவசரப்பட்டுவிட்டது என்று பொருள். வேறு போர்ட்டில் செருகுங்கள். தீரவில்லையென்றால் கிரப் மெனுவில் 'ஈ' தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ரூட்டிலே' (rootdelay=10) என்ற அளவுருவைச் சேர்த்து, 10 விநாடி காத்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆபீஸ் கணினியில் இதைச் செய்யலாமா என்று ஐடி பிரிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது பார்ட்டிஷன் கேள்வி இல்லை.

விண்டோஸில் செருகினால் 'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யணுமா' என்று கேட்கிறதே?

விண்டோஸுக்கு இஎக்ஸ்டி4 படிக்கத் தெரியாது. தெரியாததை எல்லாம் காலி என்று நினைத்துக்கொள்ளும். 'கேன்சல்' கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்டுத் தொல்லை செய்தால் விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போய் அந்த பார்ட்டிஷனின் டிரைவ் எழுத்தை நீக்கிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது அந்தக் கணினியைத் தொடுவார்கள் என்றால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.